பெட்டகமும் பேரேடும்: பொருள்நோக்குத் தரவுத்தளங்களின் வணிக வரலாறு

இலக்கியம் பேசுகிற இடத்தில் தரவுத்தளங்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒருவர் எழுதிவைத்ததைப் பின்னால் வருகிறவர் எவ்வாறு தேடி எடுப்பது என்பது ஏட்டுச் சுவடிக்கும் உள்ள சிக்கல். வங்கிக் கணக்குக்கும் உள்ள சிக்கல். இச்சிக்கலுக்குக் கணினி உலகம் இருவேறு விடைகளைக் கண்டது. 1980களின் இறுதியில் அவை இரண்டும் சந்தையில் நேருக்கு நேர் நின்றன. புதியதாகவும் விரைவானதாகவும் தோன்றிய விடை சிறுபான்மையாக ஒதுங்கியது. பழையதென்று எண்ணப்பட்டது நிலைத்தது. அது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இரண்டு சொற்களுக்கு விளக்கம் தரவேண்டும். செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, வரிசை வரிசையாக எழுதிவைப்பது உறவுநிலைத் தரவுத்தளம். ஒரு வாடிக்கையாளர், ஓர் எந்திர உறுப்பு, ஒரு கட்டட வரைபடம் என ஒவ்வொன்றையும் அதன் பண்புகளோடும் செயல்களோடும் சேர்த்து ஒரே உருவாக வைத்துக்கொள்வது பொருள்நோக்குத் தரவுத்தளம். முன்னதைப் பேரேடு என்றும் பின்னதைப் பெட்டகம் என்றும் மனத்தில் கொண்டால் மேலே படிக்க எளிதாக இருக்கும்.

வழிகாட்டியாக நின்ற நிரலர்

1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன் என்பவர், வட்டில் எழுதப்பட்ட பதிவுகளைச் சுட்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கும் முறையொன்றை உருவாக்கினார். ஒரு பதிவின் உள்ளே அடுத்த பதிவு எங்கே கிடக்கிறது என்ற முகவரி இருக்கும். நிரலை எழுதுகிறவர் அந்த முகவரிகளைப் பின்பற்றி, பதிவிலிருந்து பதிவுக்குத் தாவிச் செல்வார். இப்பணிக்காக 1973இல் பாக்மனுக்கு டூரிங் விருது கிடைத்தது. அவ்விருதுரையில் அவர் நிரலரைக் கடலோடும் மாலுமிக்கு ஒப்பிட்டார்.

இதே காலத்தில் அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்காக, எண்ணற்ற உறுப்புகளின் பட்டியலைக் கையாள ஐபிஎம் நிறுவனமும் ராக்வெல் நிறுவனமும் சேர்ந்து ஐ.எம்.எஸ். என்ற மென்பொருளை ஆக்கின. 1968இல் அது இயங்கத் தொடங்கியது. அதன் அமைப்பு மரம் போன்றது. வேரிலிருந்து கிளைக்கும் கிளையிலிருந்து இலைக்கும் இறங்கிச் செல்லலாம். இலையிலிருந்து தொடங்கிக் கேள்வி கேட்பவருக்குத்தான் இடர்ப்பாடு.

இந்த இடர்ப்பாட்டை விளக்க நமக்கு நன்கு அறிமுகமான ஒரு நூலே உதவும். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டுகள் இருநூறும் பாலைத்திணை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். தொகுத்தவர் திணை என்ற ஒரு கேள்வியை முன்னரே எண்ணி, அதற்கான விடையைப் பாட்டின் இருப்பிடத்திலேயே பொதிந்துவைத்தார். நெய்தற் பாட்டு நாற்பதும் வேண்டுவோர் பத்துப் பத்தாகத் தாவினால் போதும். ஆனால் கபிலர் பாடியவை எவை என்று கேட்பவர் நானூறையும் புரட்டவேண்டும். அல்லது பதிப்பாசிரியர் நூலின் கடைசியில் சேர்த்திருக்கும் பாடினோர் அகராதியை நாடவேண்டும். இடையில் புதிதாக ஒரு பாட்டைச் செருகினாலோ, அதன்பின் வரும் எண்களெல்லாம் மாறி, அவை சுட்டும் திணையும் பிழைபட்டுப்போகும். பாக்மன் முறையிலும் ஐ.எம்.எஸ். முறையிலும் இருந்த சிக்கல் இத்தகையதே. தொகுத்தவர் எதிர்பார்த்த கேள்விக்கு விடை விரைவாகக் கிடைக்கும். எதிர்பாராத கேள்விக்குப் புதிதாக ஒரு நிரலே எழுதவேண்டும்.

காட் காட்டிய வழி

இங்கிலாந்தில் 1923இல் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றி, பின்னர் ஐபிஎம்மில் சேர்ந்த எட்கர் காட் என்ற கணிதர், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். தரவு எந்த வரிசையில் கிடக்கிறது, அதற்கு எந்தச் சுட்டுவரிசை இருக்கிறது, எந்தப் பாதையில் சென்று அதை எடுக்கவேண்டும் என்ற மூன்றையும் கேள்வி கேட்பவர் அறியவேண்டிய நிலை இருக்கக்கூடாது என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் அட்டவணைகளாக எழுதினால், ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு அவற்றிலுள்ள மதிப்புகளைக் கொண்டே இணைத்துவிடலாம்; முகவரிகள் தேவையில்லை. நம் எடுத்துக்காட்டில் பாட்டு எண், திணை, பாடியவர் என்ற மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணையைப் போட்டால், திணையால் கேட்பவருக்கும் புலவரால் கேட்பவருக்கும் தரவுத்தளம் ஒரே மதிப்பைத் தரும்.

1974இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் நடந்த கருத்தரங்கில் பாக்மன் தரப்பும் காட் தரப்பும் நேரடியாக வாதிட்டன. கணிதர்களின் கனவு நடைமுறைக்கு ஒவ்வாது, மெதுவாக இயங்கும் என்பது அன்றைய தொழிலறிஞர் பலரது கருத்து. அது வீண் குற்றச்சாட்டன்று. தொடக்கக்கால உறவுநிலைத் தரவுத்தளங்கள் உண்மையிலேயே மெதுவானவை. ஐபிஎம்முக்கும் ஐ.எம்.எஸ். நல்ல வருவாய் ஈட்டித் தந்தமையால், தன் ஊழியரின் கண்டுபிடிப்பை விரைந்து சந்தைக்குக் கொண்டுவர மனமில்லை.

எனினும் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டமும், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோரின் இங்கிரெஸ் திட்டமும் 1970களில் வளர்ந்தன. ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் வகுத்த வினவல் மொழியே பின்னர் எஸ்க்யூஎல் என்று பெயர் பெற்றது. பேட்ரிஷியா செலிஞ்சரும் அவருடைய குழுவினரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, கேள்விக்கு விடை காணும் பாதையைக் கணினியே கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழியைக் காட்டியது. பாக்மன் காலத்தில் மாலுமி செய்த வேலையை இப்போது கப்பலே செய்யத் தொடங்கியது. அதே 1979இல் இன்று ஆரக்கிள் என அறியப்படும் நிறுவனம் தன் முதல் வணிகப் பதிப்பை வெளியிட்டது. 1983இல் ஐபிஎம் டிபி2வை அறிவித்தது. 1986இல் எஸ்க்யூஎல் அமெரிக்கத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்றது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பேரேட்டின் பக்கம் சாய்ந்தன.

மறுதரப்பின் எழுச்சி

பேரேட்டுக்கு ஒவ்வாத தொழில்களும் இருந்தன. விமானத்தின் ஓர் உறுப்பைக் கணினியில் வரைகிறவரை எண்ணிப்பாருங்கள். அவ்வுறுப்பு நூறு சிற்றுறுப்புகளால் ஆனது. ஒவ்வொன்றும் வேறு சிலவற்றோடு பிணைந்தது. இதனை அட்டவணைகளில் எழுதினால் ஓர் உறுப்பு பல துண்டுகளாகச் சிதறும். திரையில் மீண்டும் காட்ட, அத்துண்டுகளை ஒவ்வொரு முறையும் பொருத்தவேண்டும். இரவில் வீடு திரும்பியதும் காரைத் திருகு திருகாகக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, காலையில் மீண்டும் பூட்டி ஓட்டுவதைப் போன்றது இது என்ற உவமை அந்நாளில் பெரிதும் வழங்கியது.

நிரல்மொழிகளும் மாறிக்கொண்டிருந்தன. நார்வே நாட்டின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டு இருவரும் ஆக்கிய சிமுலா 67 மொழி, உலகைப் பொருள்களாகக் காணும் பார்வையைத் தொடங்கிவைத்தது. ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஸ்மால்டாக் அதனை முழுமைப்படுத்தியது. 1985இல் வணிகமுறையில் வெளியான சி ப்ளஸ் ப்ளஸ் அதனைத் தொழில் நிரலர்களிடம் கொண்டுசேர்த்தது. நினைவகத்தில் பொருள்களாக வாழும் செய்தி, வட்டில் அட்டவணையாக மாறவேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடையிலான பொருந்தாமைக்கு மின்பொறியியலிலிருந்து ஒரு கலைச்சொல்லையே கடன்வாங்கிப் பெயரிட்டார்கள்.

1984இல் ஜார்ஜ் கோப்லண்டும் டேவிட் மேயரும் ஸ்மால்டாக் மொழியையே தரவுத்தளமாக்கும் திட்டத்தை எழுதினர். அதிலிருந்து ஆரிகன் மாநிலத்தின் செர்வியோ லாஜிக் நிறுவனம் ஜெம்ஸ்டோன் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வான் கிம் தலைமையில் ஓரியன் என்ற ஆய்வுத்திட்டமும், பிரான்சில் பிரான்சுவா பான்சிலோன் தலைமையில் ஓ2 என்ற திட்டமும் வளர்ந்தன. 1988இல் ஆப்ஜெக்ட் டிசைன், ஆப்ஜெக்டிவிட்டி, வெர்சன்ட் ஆகிய மூன்று நிறுவனங்கள் தோன்றின. ஒரு துறை இவ்வளவு விரைவாகத் தழைத்தமைக்கு முதலீட்டாளர்களின் நம்பிக்கையும் காரணம். பேரேடு மரத்தொடர் முறையைத் தள்ளியதுபோல, பெட்டகம் பேரேட்டைத் தள்ளும் என்பது அவர்கள் கணக்கு.

இக்கணக்குக்கு அளவீடும் துணைநின்றது. சன் நிறுவனத்தின் ரிக் காட்டெல் வகுத்த சோதனையொன்றில் 20,000 உறுப்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று பிணைப்புகள். ஏதேனும் ஓர் உறுப்பில் தொடங்கி ஏழு படி இறங்கினால் 3,280 உறுப்புகளைத் தொட்டாகவேண்டும். இவ்வகை நடையில் பெட்டகங்கள் பேரேடுகளைப் பன்மடங்கு விஞ்சின. காரணம் எளிது. பெட்டகத்தில் ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்வது நினைவகச் சுட்டைத் தொடர்வது மட்டுமே. பேரேட்டிலோ ஒவ்வொரு படியிலும் அட்டவணையைத் தேடி இணைக்கவேண்டும்.

இரண்டு அறிக்கைகள்

1989ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மாநாட்டில் ஆறு ஆய்வாளர்கள் ஒரு கொள்கை அறிக்கையை முன்வைத்தனர். பொருள்நோக்குத் தரவுத்தளம் என்ற பெயருக்கு உரியதாக வேண்டுமாயின் ஒரு மென்பொருளுக்கு இருந்தே ஆகவேண்டிய பதின்மூன்று இயல்புகளை, விவிலியக் கட்டளைகளின் நடையில் அது அடுக்கியது. கூட்டுப்பொருள்கள், பொருளின் தனி அடையாளம், உள்விவரத்தை மறைத்துவைத்தல், மரபுரிமை எனப் பட்டியல் நீளும். பதின்மூன்றாவதாக, முன்திட்டமின்றி எழும் கேள்விகளுக்கு விடை தரும் வசதி சொல்லப்பட்டது. பட்டியலின் வரிசை முதன்மையின் வரிசை என்று கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் வணிக உலகம் முதலில் கேட்டது எதுவோ, அது அங்கே கடைசியில் நின்றது.

அடுத்த ஆண்டே ஸ்டோன்பிரேக்கரும் வேறு சிலரும் மறுப்பறிக்கை எழுதினர். புதிய தலைமுறைத் தரவுத்தளம் சிக்கலான பொருள்களையும் தாங்கவேண்டும் என்பதை அவர்கள் ஏற்றனர். ஆனால் கேள்வி கேட்கும் மொழியைக் கைவிட்டு நிரலரை மீண்டும் சுட்டுகளின் வழியே நடக்கவைப்பது பின்னோக்கிய பயணம் என்றனர். எஸ்க்யூஎல் அழகானதோ இல்லையோ, எல்லாருக்கும் பொதுமொழி ஆகிவிட்டது. அதனை விரிப்பதே வழி என்பது அவர்கள் முடிபு. பாக்மனின் மாலுமி புது உடையில் திரும்பி வந்திருக்கிறார் என்பதே இக்கண்டனத்தின் சாரம்.

பெட்டகம் வென்ற களங்கள்

தோல்விக் கதை என்று இதனைச் சுருக்கிவிடுவது நேர்மையன்று. ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓ.ஓ.சி.எல். என்ற கொள்கலக் கப்பல் நிறுவனம் தன் உலகளாவிய செயல்பாட்டு மென்பொருளை ஜெம்ஸ்டோன் மீது அமைத்தது. ஜே.பி. மார்கன் வங்கியின் கேப்பிட்டல் என்ற மென்பொருளும் ஸ்மால்டாக், ஜெம்ஸ்டோன் இரண்டையும் பயன்படுத்தியது. வழிப்பேறு ஒப்பந்தங்கள் நாளும் புதுப்புது வடிவெடுப்பவை. ஒவ்வொரு வடிவுக்கும் புதிய அட்டவணை வகுப்பதைவிடப் புதிய பொருள் வகை ஒன்றை எழுதுவது எளிது. தொலைத்தொடர்பு வலைகளின் மேலாண்மையிலும் மின்சுற்று வரைவிலும் இவ்வகைத் தரவுத்தளங்கள் பரவலாக அமர்ந்தன.

அறிவியலில் கிடைத்த வெற்றி இன்னும் பெரியது. கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 1999இல் தரவு திரட்டத் தொடங்கிய பாபார் என்ற துகளியல் சோதனை, தன் நிகழ்வுகளை ஆப்ஜெக்டிவிட்டியில் சேமித்தது. 2002இல் அது 500 டெராபைட்டைக் கடந்து, உலகின் மிகப்பெரிய தரவுத்தளமாகப் பேசப்பட்டது. அளவு கூடினால் பெட்டகம் தாங்காது என்றவர்களுக்கு இதுவே விடை.

வணிகம் ஏன் மாறவில்லை

அப்படியானால் வங்கிகளும் கடைகளும் அரசு அலுவலகங்களும் ஏன் மாறவில்லை? காரணங்கள் பல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கேள்விகள். ஒரு வங்கியின் மென்பொருளில் வாடிக்கையாளர் என்ற பொருள், அதனுள் அவருடைய கணக்குகள், கணக்கினுள் கொடுக்கல் வாங்கல்கள் என்று அமைத்திருப்பதாகக் கொள்வோம். முகப்பில் அமர்ந்திருப்பவர் ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தட்டினால் எல்லாம் நொடியில் வரும். ஐந்தாண்டுகள் கழித்துத் தணிக்கையாளர் வந்து, ஆறு மாதமாக அசைவற்றிருக்கும் கணக்குகளைக் கிளைவாரியாகக் கூட்டித் தருமாறு கேட்கிறார். பேரேட்டில் அது எஸ்க்யூஎல்லில் ஒரு வாக்கியம். பெட்டகத்தில், வாடிக்கையாளர் வழியாக உள்ளே நுழைந்து ஒவ்வொரு கணக்கையும் திறந்துபார்க்கும் புதிய நிரல் வேண்டும். வினவல் வசதி தந்த நிறுவனங்களும் இருந்தன. ஆனால் அவ்வசதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. எஸ்க்யூஎல்லின் விரிவும் அதற்கு வாய்க்கவில்லை.

இங்கே ஒரு கொள்கை முரணும் மறைந்திருக்கிறது. உள்விவரத்தை மறைத்துவைப்பது பொருள்நோக்கு நெறியின் உயிர். பொருளைப் படைத்தவர் எந்தச் செயல்களை அனுமதித்தாரோ அவற்றின் வழியாகவே அதனை அணுகவேண்டும். நிரல் எழுதுவதற்கு இது மிக நல்ல ஒழுக்கம். ஆனால் தணிக்கையாளரின் கேள்வி, படைத்தவர் அனுமதிக்க எண்ணியே பார்க்காத கேள்வி. மறைப்பைக் காத்தால் கேள்வி நிற்கும். கேள்வியை அனுமதித்தால் மறைப்பு உடையும்.

இரண்டாவது, மொழிக்கட்டு. பெட்டகத்தில் இருந்தவை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நிரல்மொழியின் பொருள்கள். சி ப்ளஸ் ப்ளஸில் வைத்ததை வேறுமொழியில் எடுப்பது கடினம். 1995இல் ஜாவா வந்து தொழிலுலகைக் கவர்ந்தபோது இச்சுமை வெளிப்படையாகத் தெரிந்தது. நிறுவனங்களின் மென்பொருள்கள் பத்தாண்டில் மாறிவிடும்; வாடிக்கையாளரின் கணக்கோ அவர் வாழ்நாள் முழுவதும் தொடரும். பொருள் வகையின் வரையறை மாறினால், அதன்படி ஏற்கெனவே வட்டில் கிடக்கும் இலட்சக்கணக்கான பொருள்களையும் மாற்றி எழுதவேண்டிய பாடும் உண்டு.

மூன்றாவது, பாதுகாப்பு. விரைவுக்காகச் சில தரவுத்தளங்கள் வட்டிலிருந்த பக்கங்களைப் பயனரின் நிரல் இயங்கும் நினைவகத்திலேயே நேரடியாகப் பொருத்தின. நிரலில் பிழையான சுட்டு ஒன்று இருந்தால் அது தரவையே சிதைக்கக்கூடும். யார் எதைப் பார்க்கலாம் என்று நுணுக்கமாக வரையறுக்கும் வசதியும் பேரேடுகளில் இருந்த அளவுக்கு இல்லை.

நான்காவது, பொதுத்தரம். 1991இல் காட்டெல் முன்முயற்சியால் ஓ.டி.எம்.ஜி. என்ற கூட்டமைப்பு உருவாகி, 1993இல் ஒரு தரத்தை வெளியிட்டது. நிறுவனங்கள் அதனை முழுமையாக நடைமுறைப்படுத்தவில்லை. ஒன்றை வாங்கியவர் அதிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது எளிதாக இல்லை. 2001இல் கூட்டமைப்பு கலைந்தது. மறுபுறத்தில் எஸ்க்யூஎல் அறிந்தவர்கள், அறிக்கை அச்சிடும் கருவிகள், பயிற்சி நூல்கள் எனப் பெரியதொரு சுற்றம் பேரேட்டைச் சூழ்ந்து வளர்ந்துவிட்டது.

ஐந்தாவது, பேரேடு வாளாவிருக்கவில்லை. ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம், அட்டவணைக்குள்ளேயே புதுவகைத் தரவுகளை ஏற்க இடமளித்தது. அதன் வணிக வடிவமான இல்லஸ்ட்ராவை இன்பார்மிக்ஸ் நிறுவனம் வாங்கியது. 1997இல் ஆரக்கிள் 8 பொருள் வகைகளோடு வந்தது. எஸ்க்யூஎல்லின் 1999ஆம் ஆண்டுத் தரமும் அவற்றை உள்வாங்கியது. வணிகர்கள் இவ்வசதிகளை அதிகம் பயன்படுத்தவில்லை. ஆனால் வேண்டும்போது கிடைக்கும் என்ற உறுதியே மாறிச்செல்லும் எண்ணத்தைத் தணிக்கப் போதுமானதாக இருந்தது.

1996இல் மும்பையில் நடந்த மிகப்பெருந் தரவுத்தளங்கள் மாநாட்டில் மைக்கேல் கேரி, டேவிட் டெவிட் இருவரும் பொருள்களோடு தரவுத்தளத்துறை கழித்த பத்தாண்டுக் கொந்தளிப்பை மதிப்பிட்டு ஒரு கட்டுரை படித்தனர். டெவிட், கியோட்டோ அறிக்கையில் ஒப்பமிட்ட அறுவருள் ஒருவர். கேரி மறுப்பறிக்கையில் ஒப்பமிட்டவர். இருவரும் சேர்ந்து, எதிர்காலம் இரண்டும் கலந்த பொருள்-உறவுநிலை முறைக்கே என்று கணித்தனர். எதிரெதிர் அறிக்கைகளில் நின்றவர்கள் ஆறே ஆண்டுகளில் ஒரே முடிவுக்கு வந்தது, இவ்வழக்கின் போக்கை நன்கு காட்டுகிறது.

அறிவியற் களமும் நிலைக்கவில்லை. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகம், தன் வருங்காலப் பெருஞ்சோதனைகளுக்கு ஆப்ஜெக்டிவிட்டியைத்தான் முதலில் எண்ணியிருந்தது. பொருள்நோக்குத் தரவுத்தளச் சந்தை எதிர்பார்த்தபடி வளரவில்லை என்பது அதனைத் தயங்கவைத்த காரணங்களுள் ஒன்று. இருபது முப்பது ஆண்டுகள் நீடிக்கும் தரவை, அதுவரை நீடிக்குமா என்று ஐயுறத்தக்க ஒரு சிறு சந்தையிடம் ஒப்படைக்க மனம் வருமா? 2002, 2003ஆம் ஆண்டுகளில் அங்கே ஆப்ஜெக்டிவிட்டியில் இருந்த சுமார் 300 டெராபைட் தரவை வெளியே எடுத்து, நிகழ்வுகளின் குறிப்புகளை ஆரக்கிளிலும் மூலத்தரவைக் கோப்புகளிலும் வைத்தனர். பாபார் சோதனையும் பின்னர் ரூட் என்ற கோப்பு முறைக்குத் தன் நிகழ்வுகளை மாற்றிக்கொண்டது.

பின்கதை

1996இல் பங்குச்சந்தைக்கு வந்த ஆப்ஜெக்ட் டிசைன், 2000இல் எக்ஸலான் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2002இல் புரோகிரஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. வெர்சன்ட்டை 2012இல் ஆக்டியன் வாங்கியது. கட்டற்ற மென்பொருளாக நிரலர்களிடையே பெயர் பெற்ற டிபி4ஓ 2014இல் கைவிடப்பட்டது. ஜெம்ஸ்டோன் பல கைகள் மாறி, 2013 முதல் ஜெம்டாக் என்ற சிறிய நிறுவனத்தின் பராமரிப்பில் வாழ்கிறது. ப்ளோன் என்ற இணையதள மேலாண்மை மென்பொருளின் அடியில் பைத்தான் மொழியின் பொருள் தரவுத்தளம் ஒன்று இன்றும் இயங்குகிறது.

தரவுத்தளம் தோற்றது, ஆனால் பொருந்தாமை தீரவில்லை. நிரலர்கள் பொருள்களாக எண்ணுவதையும் நிறுவனங்கள் அட்டவணைகளாகச் சேமிப்பதையும் நிறுத்தவில்லை. இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். ஸ்மால்டாக் உலகில் பிறந்த டாப்லிங்க்கும், 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட்டும் அப்பணியைச் செய்தன. மொழிபெயர்ப்பில் எப்போதும் ஏதோ ஒன்று விடுபடும் என்பதை நாம் அறிவோம். இங்கும் அதுவே நேர்ந்தது. 2006இல் டெட் நியூவர்ட் என்ற நிரலர், இம்முயற்சியைத் தொடக்கத்தில் எளிதாகத் தோன்றிப் பின்னர் மீளமுடியாத சேறாகும் வியட்நாம் போருக்கு ஒப்பிட்டு எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது.

2009க்குப் பின் மாங்கோடிபி போன்ற ஆவணத் தரவுத்தளங்கள் வந்தபோது பழைய வாதமே புதிய சொற்களில் எழுந்தது. ஒன்றாகப் பயன்படுவதை ஒன்றாகவே வைத்துக்கொள். துண்டாக்காதே என்றன அவை. இம்முறை பெட்டகம் எந்த நிரல்மொழிக்கும் கட்டுப்படாத எளிய எழுத்து வடிவில் வந்தமையால் வரவேற்பு கூடியது. பேரேடும் முன்போலவே அதனை உள்வாங்கியது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2012இல் ஜேசான் வடிவை ஏற்றது. எஸ்க்யூஎல்லின் 2016ஆம் ஆண்டுத் தரம் அதற்கு இலக்கணம் வகுத்தது. 2023ஆம் ஆண்டுத் தரத்தில், பிணைப்புகளின் வழியே படிப்படியாகச் செல்லும் வினவல்களுக்கும் இடம் கிடைத்தது. காட்டெல் சோதனையில் ஏழு படி இறங்கிய அந்த நடைக்கு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பேரேட்டின் மொழியிலேயே தொடர் அமைந்துவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து, உறவுநிலை முறையே எக்காலத்தும் சிறந்தது என்ற முடிவுக்கு வருதல் தவறு. விமான உறுப்பை வரைகிறவருக்குப் பெட்டகமே உகந்தது. அவரே ஆக்குகிறார், அவரே பயன்படுத்துகிறார். அவருடைய கேள்வி முன்னரே தெரிந்தது. வணிகத்தில் நிலை வேறு. எழுதுகிறவர் ஒருவர், கேட்கிறவர் மற்றொருவர், இருவருக்கும் இடையே ஆண்டுகள் பல. பெட்டகம் எழுதியவரின் பார்வையை அப்படியே காத்துத் தருகிறது. பேரேடு அப்பார்வையைக் கலைத்துவிட்டு, செய்திகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. கலைப்பதற்கு ஒரு விலை உண்டு: விரைவு குறையும், எழுதுபவரின் உழைப்பு கூடும், பொருளின் உருவம் சிதையும். அந்த விலையை வணிக உலகம் ஐம்பதாண்டு நெருங்கத் தொடர்ந்து செலுத்திவருகிறது. வாடிக்கையாளர், தணிக்கையாளர், நீதிமன்றம், நாளை வரப்போகும் ஏதோவொரு சட்டம் என, எழுதிய நாளில் அறையில் இல்லாதவர்களின் கேள்விக்கு விடை சொல்லும் கடமை அதற்கு இருந்தது.

பாடினோர் அகராதியைத் தொகுத்த பதிப்பாசிரியரும் இதே கடமையைத்தான் உணர்ந்திருக்கவேண்டும். திணை வரிசை தொகுத்தவருடையது. அகராதி நமக்காகச் செய்தது.